நிற்கத் தெரியாத எஞ்சின்

எஞ்சினுக்கு டீசல் அளந்து கொடுக்கிற பம்ப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள விரும்புவது, ஸ்டார்ட் ஆகாத வாகனத்தை ஸ்டார்ட் ஆக்குவது எப்படி என்பதைத்தான். அதில் பிழையில்லை. வாகனக்காரர் நம்மைத் தேடி வருவதே அதற்காகத்தான். பம்பைக் கழற்றுவது, பூட்டுவது, டைமிங் வைப்பது எல்லாவற்றையும் மேசையில் வைத்து உங்களுக்குக் காட்டித் தருவார்கள். ஒரு கூட்டமே கத்திக்கொண்டு நிற்கும்போது எதைச் செய்வது, அதைவிட முக்கியமாக எதைச் செய்யாமல் விடுவது என்பதை மேசையில் காட்ட முடியாது. அதனால் ஒரு காரின் கதையைச் சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பு டவுணில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீடுகளில் தச்சு வேலையோ இரும்பு வேலையோ தெரியாத ஆண்கள் குறைவு. எனக்கு டீசல் வாய்த்தது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து உழவு மெஷின், லொறி, வான், கார் எல்லாவற்றின் பம்புகளும், ஓடவிட்டு அளவு பார்க்கிற என் மேசையில் ஏறி இறங்கியிருக்கின்றன. சனங்கள் என்னை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேலைக்காரனுக்கு எங்கள் ஊரில் கொடுக்கும் மரியாதை அது.

அன்றைக்கு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு வயல் வட்டைக்குள் அறுவடை நேரத்தில் நின்றுபோன உழவு மெஷினைப் பார்த்து முடித்துவிட்டு, வாவியைக் கடந்து திரும்புவதற்காகத் தெருவோரம் நின்றுகொண்டிருந்தேன். பழைய ஜப்பான் டீசல் கார் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் சிவலிங்கம் அண்ணன், ஓய்வு பெற்ற பஸ் சாரதி. பின் சீட்டில் அவருடைய மனைவி யோகேஸ்வரி. அவர் அரசாங்கத்து மருத்துவிச்சி. ஊரில் எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’. அவருடைய தோளில் சாய்ந்தபடி நிறைமாதக்காரி ஒருத்தி, பெயர் ரஜனி. மறுபக்கத்தில் ரஜனியின் தாய்.

“ஏறுங்க பாஸ், பாதைக்குத்தான் போறம்” என்றார் மிஸ்ஸி. “அம்புலன்ஸ் வரச் சுணங்கும் எண்டாங்க. இவவுக்கு நோவு கெதியா வருது.”

பாதை என்பது வாவியைக் கடக்கிற தட்டையான படகு. மனிதர்களோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஏறும். இடமிருந்தால் ஒரு காரும் ஏறும். அதால் கடந்துவிட்டால் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி கிட்ட.

நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். சிறிது தூரம் போனதும் எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. அக்சிலேட்டரில் கால் வைக்காமலே எஞ்சின் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்குகிறவன் மாதிரி.

“பம்ப் மாத்தினீங்களா அண்ணன்?”

“ஓம் பாஸ். ஆரையம்பதியில மாத்தினது. முந்தின பம்ப் சூடாகினா ஸ்டார்ட் ஆகாது. இது வேற வாகனத்தில கழட்டின பம்ப்தான், எண்டாலும் அக்சிலேட்டரில காலைக் கடைசி மட்டும் அமத்திக்கொண்டு ஸ்டார்ட் அடிச்சா எப்பவும் பிடிக்கும்.”

பின்னால் ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பம்பைப் பற்றி மேலும் கதைக்க மனம் வரவில்லை.

துறையில் பாதை வந்து நின்றிருந்தது. சிவலிங்கம் அண்ணன் காரை நிறுத்திய விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் திறப்பில், அதாவது சாவியில், கையே வைக்கவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்து, பெரிய கியரில் போட்டு, கிளச்சை விட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. ரஜனி முனகினாள்.

“ஏன் இப்பிடி நிப்பாட்டுறீங்க?”

“திறப்பை மூடினா நிக்காது பாஸ். பம்ப் மாத்தினதில இருந்து இப்பிடித்தான். ஓடுதுதானே.”

நீங்களும் இந்தத் தொழிலில் ‘ஓடுதுதானே’ என்ற சொல்லை ஆயிரம் தடவை கேட்பீர்கள். டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் மாதிரி நெருப்புப்பொறி தேவையில்லை. காற்றும் டீசலும் கிடைக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். திறப்பை மூடும்போது பம்புக்குள் டீசல் போகும் வழியை ஒரு சின்ன ஊசி வந்து அடைக்க வேண்டும். அது அடைக்கவில்லை என்றால் அந்த எஞ்சினுக்குக் கடிவாளம் இல்லை. அதோடு சேர்த்து, எஞ்சின் தன்பாட்டில் ஏறி இறங்குகிறது என்றால், வேகத்தை அளந்து டீசலைக் கூட்டிக் குறைக்கிற கவர்னரிலும் கோளாறு இருக்கிறது. இரண்டும் ஒரே பம்பில். நான் அப்படியொரு வாகனத்தில் பின்னால் ஒரு கர்ப்பிணியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தூரத்துப் பாலத்தால் சுற்றிப் போகலாமா என்று யோசித்தேன். அதை முடிவு செய்ய வேண்டியவன் நான் இல்லை. மிஸ்ஸியிடம் கேட்டேன்.

“பாலத்தால சுத்தினா நேரம் காணுமா மிஸ்ஸி?”

அவர் ரஜனியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஏலா பாஸ். பாதையாலதான் போகணும்.”

அவருடைய தொழிலில் அவர் சொல்வதுதான் சொல். என் தொழிலில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி ஏற்றுவோம். கை பிரேக்கைப் போட்டு முன் சில்லுகளுக்கு மரக்கட்டை வைப்போம். அக்கரையில் சனமெல்லாம் இறங்கி, நாங்கள் காரைத் தரைக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் ஸ்டார்ட்.

“அதுவரைக்கும் திறப்பைத் தொடாதீங்க அண்ணன்.”

“சரி பாஸ்.”

பாதைக்காரரும் கரையில் நின்றவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். கார் நடுவில் நின்றது. அதற்கு முன்னால் வாழைக்குலை ஏற்றிய ஒரு ஓட்டோ. சுற்றிவர மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும் இரண்டு ரீச்சர்மார், இன்னும் கொஞ்சச் சனம். நான் காரின் பொனெட் பக்கத்தில் வெளியே நின்றுகொண்டேன். வாவி அசைவில்லாமல் கிடந்தது.

அக்கரைக் கண்டல் மரங்கள் கிட்டத் தெரியத் தொடங்கிய நேரத்தில் ரஜனி அலறினாள். அதுவரைக்கும் அவள் சத்தம் போட்டதில்லை. சிவலிங்கம் அண்ணன் நல்ல சாரதி. வாழ்நாள் முழுக்கச் சனங்களை ஏற்றிப் பத்திரமாக இறக்கியவர். ஆனால் பின்னால் அந்த அலறல் கேட்டதும் அவருடைய கையும் காலும் அவரிடம் கேட்காமலே வேலை செய்துவிட்டன. காலைக் கடைசி மட்டும் அமத்தித் திறப்பைத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்தது. பிடித்த வேகத்திலேயே ஏறியது. அவர் காலை எடுத்துவிட்டார், அது இறங்கவில்லை. இன்னும் ஏறியது.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட முடியாது. அது பாரம் இழுக்கிற சத்தம் இல்லை. தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளப் போகிற ஒன்றின் சத்தம். பின்பக்கத்தால் கறுப்புப் புகை எழும்பிப் பாதையை மூடியது. சனம் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாக ஓடியது. பாதை சரிந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்து தண்ணீருக்குள் போனது. “ஒரு பக்கம் ஓடாதீங்க, இரிங்க, அப்பிடியே இரிங்க” என்று பாதைக்காரர் கத்தினார்.

சிவலிங்கம் அண்ணன் திறப்பை மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவருடைய கை கியருக்குப் போவதைக் கண்டேன்.

தெருவில் தனியாக நிற்கும் காரில், எஞ்சின் சாதாரணமாக ஓடும்போது, கியரில் போட்டு அடக்குவது ஒரு வழிதான். அவர் மாதக்கணக்காக அதைத்தான் செய்துவந்தார். ஆனால் இந்த வேகத்தில் கியர் விழுந்தால் அந்தப் பழைய பிரேக் பிடித்து நிறுத்தும் என்று யாரால் சொல்ல முடியும்? மரக்கட்டையைத் தாண்டினால் முன்னால் ஓட்டோ, அதற்கு முன்னால் மனிதர்கள், அதற்கப்பால் தண்ணீர். காருக்குள் ரஜனி.

நான் முன் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். “கியரில கை வைக்காதீங்க. பிரேக்கை மட்டும் பிடிங்க. வேற ஒண்டும் செய்யாதீங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நடந்ததில் பெரிய வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு மனிதன் தனக்குப் பழகிய ஒன்றைச் செய்யாமல் விட்டது.

பொனெட்டைத் திறந்தேன். டீசல் குழாயை வெட்டச் சொல்லிப் பின்னால் யாரோ கத்தினார்கள். வெட்டலாம். ஆனால் பம்புக்குள் இருக்கிற டீசல் தீரும் வரைக்கும் எஞ்சின் ஓடும், சூடான எஞ்சின்மேல் வெட்டிய குழாய் டீசலைக் கொட்டும். மிச்சமிருக்கிற வழி காற்றை அடைப்பதுதான். காற்று வடிகட்டிப் பெட்டிக்கு முன்பக்கத்தில் ஒரு வாய் இருக்கும், எஞ்சின் அதால்தான் மூச்சு எடுக்கும். அதைக் கையால் அடைக்கக் கூடாது. எவ்வளவு பதறினாலும் கையைக் கொண்டு போகாதீர்கள். அந்த வேகத்தில் அது கையை இழுத்துப் பிடித்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். துணி வைத்தால் துணியை விழுங்கிவிடும். மடங்காத, ஆனால் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருள் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். என் காலிலேயே இருந்தது. றப்பர் செருப்பு.

செருப்பைக் கழற்றி அந்த வாயில் வைத்து அழுத்தினேன். படக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. எஞ்சின் திணறியது. ஆனால் நிற்கவில்லை. வடிகட்டிப் பெட்டியின் மூடிக்கும் உடலுக்கும் நடுவில் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். மூடியைப் பிடிக்கிற கிளிப் ஒன்று இல்லை. அந்த நீக்கலால் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கு இருப்பதோ இரண்டு கை, இரண்டும் செருப்பில்.

மிஸ்ஸி எப்போது காரை விட்டு இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றார்.

“என்ன செய்யணும் பாஸ்?”

“மூடிய அமத்துங்க. முழுப் பாரத்தையும் போட்டு.”

அவர் தோளில் கிடந்த துவாயை மடித்து மூடியின்மேல் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, காலைத் தூக்கி உடம்பையே அதன்மேல் போட்டார். விசில் நின்றது. எஞ்சின் ஒரு தடவை முழு உடம்பையும் உதறியது. பிறகு ஒன்றுமில்லை. பாதையின் பக்கத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒட்டியிருந்த செருப்பைப் பிய்த்தெடுத்துக் காலில் போட்டுக்கொண்டேன்.

பாதை கரையில் முட்டியது. சிவலிங்கம் அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அவருக்கு ரஜனியின் நினைவுதான்.

“பாஸ், ஒருக்கா அடிச்சுப் பாப்பமா? ஆஸ்பத்திரி மட்டும் போனாக் காணும்.”

“இல்ல” என்றேன். கையை நீட்டித் திறப்பை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒருமுறை கையைவிட்டுத் தப்பிய எஞ்சினை, ஏன் தப்பியது என்று தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் கூடாது. நல்ல காரணம் இருக்கும்போதுதான் நாம் அதிகம் பிழை விடுகிறோம்.

வாழைக்குலைக்காரர் நாங்கள் கேட்கும் முன்னமே குலைகளை இறக்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ரஜனியை நாலு பேர் தாங்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். மிஸ்ஸி ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “காரை நீங்க பாருங்க பாஸ், புள்ளைய நான் பாக்கிறன்” என்றார். அவருடைய கை இரண்டும் கறுத்துப்போயிருந்தன. வழியெல்லாம் அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டு போனதாகப் பிறகு ஓட்டோக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலில் கிடத்திய கையோடு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை.

காரை இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறையில் விட்டோம். அன்றே பம்பைத் திறக்கலாம். பட்டறையில் எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். நான் திறக்க விடவில்லை. பூட்டியவர் வர வேண்டும் என்றேன். இன்னொருவர் செய்த வேலையை, அதுவும் விபத்து நடந்த வேலையை, அவர் இல்லாமல் திறந்தால் நாம் காண்பதை அவர் நம்பத் தேவையில்லை. நாமும் நமக்குப் பிடித்ததைத்தான் காண்போம்.

பம்பைப் பூட்டிய ஆரையம்பதிக்காரரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் தொழிலில் இருக்கிறார், நல்ல வேலைக்காரர். நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். பிறகு அவர் தனியாகக் கராஜ் போட்டார். ஒருவரின் வாடிக்கையாளர் மற்றவரிடம் போனதில் முகம் கொடுத்துப் பேசாமல் வருடங்கள் போயிருந்தன. நானே மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “புள்ளைத்தாச்சிக்கு என்ன?” என்பதுதான். சுகம் என்றதும் அவர் மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மறுபேச்சில்லாமல் என்னோடு வந்தார்.

பம்பை அவர் கையாலேயே திறந்தார். திறப்பை மூடும்போது டீசலை அடைக்க வேண்டிய ஊசி உள்ளே இல்லை. கவர்னரின் நெம்பு தன் இடத்தைவிட்டு விலகி, முழு டீசலையும் விடுகிற பக்கத்தில் இறுகிக் கிடந்தது.

“ஊசிய நான்தான் எடுத்தன்” என்றார். “அது சிக்கி நிண்டு டீசலை விடல்ல. சாமான் எங்கயும் கிடைக்காத நேரம். மிஸ்ஸி ஊர் ஊராப் போறவ, கார் இல்லாம ஏலாது எண்டு நிண்டாங்க. சாமான் வந்ததும் வாங்க, போட்டுத் தாறன் எண்டு சொல்லித்தான் விட்டன்.”

சிவலிங்கம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னவர்தான். ஓடினதுதானே எண்டு நான் போகல்ல.”

“கவர்னர்?” என்று கேட்டேன்.

“அதை நான் காணல்ல. கழட்டின பம்ப், வந்தபடி பூட்டினன். ஓடவிட்டுப் பாக்க என்னட்ட மேசை இல்லையே.”

“என்னட்ட இரிக்கே.”

அவர் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தார். “உங்கட வாசலுக்கு வர வெக்கமா இருந்திச்சு” என்றார்.

பழைய ஊசியைப் போல இன்னொன்றைப் போடாமல் விட்டவர் அவர், திரும்பிப் போகாதவர் சிவலிங்கம் அண்ணன், காரணம் எத்தனையோ இருக்கலாம். ஆனால் அந்தப் பம்ப் ஒரு மணித்தியாலம் என் மேசையில் சுற்றியிருந்தால் இரண்டு கோளாறும் அங்கேயே தெரிந்திருக்கும்.

அடுத்த முடிவும் சுலபமாக இருக்கவில்லை. காரோடு வந்த பழைய பம்ப் ஆரையம்பதியில் பத்திரமாக இருந்தது. அதன் கவர்னர் நல்லது, தலைப்பகுதி தேய்ந்தது. கழட்டின பம்பின் தலை நல்லது, கவர்னர் கெட்டது.

“ரெண்டையும் சேத்து ஒண்டாக்க ஏலாதா பாஸ்?” என்று கேட்டார் சிவலிங்கம் அண்ணன்.

பார்வைக்கு இரண்டும் பொருந்தும். மாலைக்குள் காரைக் கொடுத்துவிடலாம். ஆனால் கழட்டின பம்ப் வேறு அளவு எஞ்சினுக்குச் செய்தது. இந்த எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் டீசல் கொடுக்கும். பொருந்துவது வேறு, சேர்வது வேறு. பழைய பம்புக்குப் புதுத் தலையும் புது ஊசியும் கொழும்பிலிருந்து வரவழைப்போம், அதுவரை கார் இங்கேயே நிற்கட்டும் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. மிஸ்ஸி வேலைக்குப் போவது எப்படி என்று கேட்டார்.

மிஸ்ஸி அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். குடையை மடித்துக்கொண்டே, “நான் பஸ்ஸில போறன்” என்றார். “முதல்ல நிக்கிற கார் ஒண்டைத் தாங்க பாஸ். மறுகா ஓடுற கதையப் பாப்பம்.”

சாமான் வரக் கொஞ்சக் காலம் எடுத்தது. அந்த நாட்களில் சிவலிங்கம் அண்ணன் அடிக்கடி வந்து காரைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாளும் நான் அவசரப்படவில்லை. சாமான் வந்ததும் ஆரையம்பதிக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். மேசையில் நான் அளவு பார்த்தேன், காரில் அவர் பூட்டினார். அவர் பூட்டிய பம்பில் எஞ்சின் நிற்காமல் போன கதைதான் ஊரில் ஓடியது, அதனால் அவர் பூட்டி எஞ்சின் நின்ற கதையும் ஓட வேண்டும் என்று நினைத்தேன். எஞ்சினைச் சூடாக்கி மிஸ்ஸியை ஏற்றி நிறுத்தச் சொன்னோம். அவர் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் உடனே நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நிறுத்தினார். பிறகு பக்கத்துச் சீட்டில் இருந்த கணவரை இறங்கச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆரையம்பதியிலிருந்து பம்புகள் என் மேசைக்கு வரத் தொடங்கின. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவர் இன்னும் விடவில்லை. இனி அவர் வரப்போவது என் மேசையில் வேலை செய்யப்போகிற உங்களிடம். பம்பைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வாசலில் நின்றபடி, “சும்மா ஒருக்காப் பாருங்க” என்பார், பெரிய தேவை இல்லாத மாதிரி. அந்த இடத்தில் நின்று அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும். கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு எழும்புங்கள். அவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பம்பை மேசையில் ஏற்றி, முதலில் அது நிற்கிறதா என்று பாருங்கள்.